சலுகையா, கொடுபடாத கூலியா?

(கம்மாபுரத்தில் ஆலைத் தொழிலாளர்களும் விவசாயத் தொழிலாளர்களும் கலந்துகொண்ட கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



போனஸ், லீவு, கேன்டீன், குடியிருப்பு, வேலை உடுப்பு இவற்றைப் பற்றிப் பேச வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். இவற்றுக்கெல்லாம் முதலாளிமார் வைத்திருக்கும் பொதுப் பெயர் "சலுகை". அந்தப் பெயரோடு சேர்த்து ஒரு வருத்தத்தையும் அவர்கள் தெரிவிப்பது வழக்கம். "நாங்கள் எவ்வளவோ சலுகை செய்கிறோம். இருந்தும் தொழிலாளிக்கு எங்கள்மேல் நம்பிக்கை வரவில்லை" என்பார்கள்.

இந்த வருத்தத்துக்கு நாம் நேர்மையாகப் பதில் சொல்ல வேண்டும். வாயடைக்கும் பதிலாக அது இருந்தால் போதாது. உண்மையான பதிலாக இருக்க வேண்டும். நம்பிக்கை எப்படி வருகிறது? கொடுப்பதனால் மட்டும் வருமா? இதுதான் இன்றைய கேள்வி.

மரக்கால் யார் கையில்?

இங்கே வந்திருக்கும் விவசாயத் தொழிலாளத் தோழர்களுக்கு இதை நான் விளக்கத் தேவையில்லை. இன்று அறுவடை இயந்திரம் வயலில் இறங்கிவிட்டது. ஆனால் உங்கள் அப்பன் பாட்டன் காலத்தில் களத்துமேட்டில் என்ன நடந்தது என்பது வீட்டுக்கு வீடு தெரியும். பொங்கலுக்கு ஒரு வேட்டி, தீபாவளிக்கு ஒரு புடவை, வீட்டில் சாவு விழுந்தால் நாலு மரக்கால் நெல். இது பண்ணையாரின் தாராளம். ஆனால் கூலி நெல் அளக்கும்போது ஒரு மரக்கால், குத்தகை நெல் வாங்கும்போது வேறொரு மரக்கால்! வேட்டி வாங்கிய கை, மரக்காலைக் காட்டிக் கேள்வி கேட்கலாமா? கேட்டால் "நன்றி கெட்டவன்" என்ற பட்டம்.

அந்த வேட்டியின் விலை எங்கிருந்து வந்தது? ஒவ்வொரு மரக்காலிலும் குறைந்துபோன நெல்லிலிருந்து வந்தது. நம்மிடமிருந்து பத்து எடுத்து, அதிலிருந்து ஒன்றைத் திருப்பிக் கொடுத்து, அதற்கு நன்றியும் கேட்பதுதான் பழைய பண்ணை முறை. ஆகவேதான் கீழத்தஞ்சையில் விவசாயத் தொழிலாளிகள் சங்கம் கண்டபோது, கூடுதல் வேட்டி வேண்டும் என்று கேட்கவில்லை. கூலியைக் கூட்டு, அளவை நேராக்கு என்று கேட்டார்கள். கூலி நெல்லுக்காகவும் சங்கக் கொடிக்காகவும் 1968 டிசம்பர் 25ஆம் தேதி இரவு கீழ்வெண்மணியில் 44 உயிர்கள் தீக்கு இரையாயின. அடுத்த வருஷம், 1969இல், தஞ்சைப் பகுதிக்கு விவசாயத் தொழிலாளர் நியாயக் கூலிச் சட்டம் வந்தது. மனதுபோல் அளந்து போட்ட கூலி, சட்டம் சொன்ன கூலியாக ஆயிற்று.

இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அளவு இருவர் கண்ணுக்கும் தெரியும்போதுதான் நம்பிக்கை உண்டாகிறது. ஒருவர் கையில் மட்டும் இருக்கும் மரக்காலை யாரும் நம்பமாட்டார்கள். ஆலையிலும் சங்கதி இதுவேதான்.

கிரகணத்தன்று நடந்தது

சென்னைப் பெரம்பூரில் பின்னி கம்பெனிக்குச் சொந்தமான பக்கிங்ஹாம், கர்நாடிக் மில்கள் இருந்தன. வெள்ளைக்காரக் கம்பெனி. தொழிலாளர் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் வைத்தார்கள். தொழிலாளர்களுக்கு வீடுகள் கட்டினார்கள். "தொழிலாளர் நலம் பேணும் கம்பெனி" என்று அதற்குப் பெரிய பெயர். ஆனால் 1918 ஏப்ரல் 27ஆம் தேதி சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்ததும் அதே மில் வாசலில்தான். நடுப்பகல் சாப்பாட்டுக்குக் கிடைத்தது அரைமணி நேரம். அது போதவில்லை என்பது அந்தத் தொழிலாளிகளின் ஆரம்பக் குறைகளில் ஒன்று. பள்ளிக்கூடம் கட்டும் கம்பெனியிடம் சோறு தின்னப் பத்து நிமிஷம் கூடுதலாகக் கேட்க ஒரு சங்கமே தேவைப்பட்டது! 1921இல் பெரிய போராட்டம் மூண்டு, ஆகஸ்ட் 29ஆம் தேதி துப்பாக்கிச் சூடும் நடந்தது.

அதே மில்லில் சுதந்திரம் வந்த பிறகு நடந்த இன்னொரு சம்பவத்தைக் கேளுங்கள். 1948 நவம்பர் 1ஆம் தேதி சூரிய கிரகணம். அன்று லீவு விடுங்கள் என்று தொழிலாளிகள் கேட்டார்கள். நிர்வாகம் மறுத்தது. கர்நாடிக் மில்லில் கார்டிங், நூற்புப் பகுதிகளின் இரவு ஷிப்டில் இருந்த 859 பேர் மாலை 4 மணியிலிருந்து 5 மணிக்குள் வேலையை நிறுத்தினார்கள். சில மணி நேரம்தான். அன்றிரவே வேலைக்குத் திரும்பிவிட்டார்கள்.

அந்தச் சில மணி நேரத்துக் கூலியைப் பிடித்திருந்தால் கணக்கு அதோடு முடிந்திருக்கும். நிர்வாகம் அப்படிச் செய்யவில்லை. "இது சட்டவிரோத வேலைநிறுத்தம். உங்கள் தொடர்ச்சியான சர்வீஸ் அறுந்துவிட்டது. ஆகவே சம்பளத்துடன் கூடிய வருஷ லீவு கிடையாது" என்று நோட்டீஸ் ஒட்டியது. வழக்கு டிரிப்யூனலுக்குப் போயிற்று. அப்பீல் டிரிப்யூனல் தொழிலாளர் பக்கம் நின்றது. கம்பெனி சுப்ரீம் கோர்ட்டுக்குப் போய் அந்தத் தீர்ப்பை ரத்து செய்ய வைத்தது. சட்டப்படி அது வேலைநிறுத்தம்தான், சர்வீஸ் அறுந்ததுதான் என்று முடிவாயிற்று.

வருஷம் முழுதும் நூல் நூற்றுச் சம்பாதித்த லீவு ஒரு சாயங்காலத்தில் போயிற்று! சட்டப் புத்தகத்தில் உள்ள உரிமைக்கே இந்தக் கதி என்றால், முதலாளியின் மனதில் மட்டும் உள்ள சலுகைக்கு என்ன உத்தரவாதம்? நிபந்தனைக் கயிறு அவர் கையில் இருக்கும்வரை, நாம் அனுபவிப்பது எதுவும் நம்முடையது ஆகாது.

பம்பாயில் பிறந்த போனஸ்

இனி போனஸுக்கு வருவோம். சலுகையாகப் பிறந்து உரிமையாக வளர்ந்த பிள்ளை அது. அந்தக் கதையைத் தெரிந்துகொள்வது நமக்கு அவசியம்.

முதல் உலக யுத்தத்தில் பம்பாய் பஞ்சாலை முதலாளிகள் லாபத்தில் கொழித்தார்கள். விலைவாசி ஏறித் தொழிலாளி தவித்தான். 1917இல் கூலியில் 10 சதவிகிதம் "யுத்த போனஸ்" என்று கொடுத்தார்கள். 1918இல் அது 15 சதவிகிதம் ஆயிற்று. அதன் பின் சில வருஷம் ஒரு மாதச் சம்பளம் போனஸாகக் கிடைத்தது. தொழிலாளி அதை நம்பிக் கடன் வாங்கினான், கல்யாணம் செய்தான். 1923ஆம் வருஷத்துக்குரிய போனஸ் கிடையாது என்று முதலாளிகள் கைவிரித்தார்கள். 1924 ஆரம்பத்தில் ஒன்றரை லட்சம் தொழிலாளருக்கும் மேல் வேலைநிறுத்தம் செய்தார்கள். சர்க்கார் பம்பாய் ஹைகோர்ட் பிரதம நீதிபதி மக்லியாட் தலைமையில் கமிட்டி போட்டது. கமிட்டி என்ன சொன்னது? வழக்கத்தின்படியும் சட்டத்தின்படியும் நியாயத்தின்படியும் தொழிலாளிக்கு போனஸ் கேட்க உரிமை இல்லை என்று சொன்னது. கொடுத்தபோது தருமம், நிறுத்தியபோது அதிகாரம்!

தொழிலாளி வர்க்கம் அந்தத் தீர்ப்போடு உட்கார்ந்துவிடவில்லை. 1950இல் பம்பாய் பஞ்சாலை வழக்கில் தொழிலாளர் அப்பீல் டிரிப்யூனல் ஒரு கணக்கு முறையை வகுத்தது. லாபத்தில் தேய்மானம், வரி, முதலுக்குரிய வருமானம், பழைய இயந்திரத்தை மாற்ற ஒதுக்கும் தொகை இவற்றைக் கழித்து, மிஞ்சும் உபரியில் தொழிலாளிக்கும் பங்கு உண்டு என்றது. ஏன் உண்டு? முதலும் உழைப்பும் சேர்ந்துதான் லாபம் உண்டாகிறது. வாழ்வதற்குப் போதுமான கூலியை இன்னும் எட்டாத தொழிலாளிக்கு அந்தப் பள்ளத்தை நிரப்பப் பங்கு வேண்டும். போனஸ் என்பது கொடுபடாத கூலி என்று நாம் சொல்வதன் பொருள் இதுதான்.

பிறகு 1961இல் மெஹர் தலைமையில் போனஸ் கமிஷன் அமைந்தது. 1965இல் போனஸ் சட்டம் வந்தது. குறைந்தபட்சம் 4 சதவிகிதம், அதிகபட்சம் 20 சதவிகிதம். உபரி இல்லை என்றாலும் குறைந்தபட்சத்தைக் கொடுத்தே ஆக வேண்டும். 1972இல் குறைந்தபட்சம் 8.33 சதவிகிதமாக உயர்ந்தது. பன்னிரண்டில் ஒரு பங்கு, அதாவது வருஷத்துக்கு ஒரு மாதச் சம்பளம். 1975இல் அவசர நிலை வந்தது. வாய்க்குப் பூட்டுப் போட்ட கையோடு போனஸையும் 4 சதவிகிதமாக வெட்டினார்கள். 1977இல் ஆட்சி மாறிய பிறகு 8.33 திரும்பி வந்தது.

இந்த வருஷங்களைக் கணக்குப் பாருங்கள். சங்கம் பலமாக இருந்த காலத்தில் ஏறியது. சங்கத்தின் கையைக் கட்டிய காலத்தில் இறங்கியது. உரிமையும்கூடக் காவல் இருக்கும்வரைதான் நிற்கும்.

பூட்டிய கணக்குப் புத்தகம்

இனி இன்றைய நிலைமை. 2019இல் நிறைவேறிய ஊதியச் சட்டத் தொகுப்பு 2025 நவம்பர் 21 முதல் அமலுக்கு வந்திருக்கிறது. பழைய போனஸ் சட்டம் அதற்குள் அடங்கிவிட்டது. 8.33 சதவிகிதம் குறைந்தபட்சமும் 20 சதவிகிதம் அதிகபட்சமும் அப்படியே இருக்கின்றன. இதை மறைத்து நாம் பேச வேண்டியதில்லை. ஆனால் நம்பிக்கை விஷயத்தில் ஒரு பூட்டுப் போட்டிருக்கிறார்கள். அதைக் கவனியுங்கள்.

1965 சட்டத்திலேயே, தணிக்கையான கம்பெனிக் கணக்கைச் சரியானது என்றே கொள்ள வேண்டும் என்ற விதி இருந்தது. இருந்தாலும் அதில் ஒரு ஜன்னல் உண்டு. ஐந்தொகையில் ஒரு இனம் விளங்கவில்லை என்றால் சங்கம் விளக்கம் கேட்டு மனுப்போடலாம். தகவலைக் கொடு என்று கம்பெனிக்கு உத்தரவிட டிரிப்யூனலுக்கு அதிகாரம் இருந்தது. புதிய சட்டம் என்ன சொல்கிறது? போனஸ் அளவில் தகராறு வந்தால் அதிகாரி ஐந்தொகையை வரவழைத்துப் பார்க்கலாம். ஆனால் முதலாளி சம்மதித்தால் ஒழிய அதில் உள்ளதை வெளியே சொல்லக் கூடாது!

மரக்காலை அதிகாரி பார்ப்பார். நெல் வாங்குகிறவன் பார்க்கக் கூடாது. இதற்குப் பெயர் நம்பிக்கையா? பங்குச் சந்தையில் உள்ள பெரிய கம்பெனியின் கணக்கு எப்படியும் அச்சாகி வெளிவந்துவிடும். காண்டிராக்டரின் கணக்கு எங்கே வெளிவரும்? சிறு ஆலையின் கணக்கு எங்கே வெளிவரும்? நம்மில் அநேகம் பேர் வேலை செய்வது அங்கேதானே!

முதலாளி தம் பிள்ளையின் கல்யாணச் செலவைக் கம்பெனி விருந்தினர் செலவு என்று எழுதினால் உபரி குறைகிறது. உபரி குறைந்தால் போனஸ் குறைகிறது. எல்லா முதலாளியும் அப்படி எழுதுகிறார் என்று நான் குற்றம் சாட்டவில்லை. எழுதவில்லை என்று காட்டத்தானே கணக்கைத் திறக்கச் சொல்கிறோம்! நேர்மையான நிர்வாகத்துக்குத் திறந்த புத்தகத்தினால் என்ன நஷ்டம்?

நம் பக்கத்து நேர்மை

தோழர்களே, நேர்மை ஒருவழிப் பாதை அல்ல. நிர்வாகம் நம்மீது சொல்லும் புகார்களும் உண்டு. ஒருவன் இன்னொருவனுக்கு வருகை அட்டை அடிக்கிறான். பொய் மருத்துவ பில் கொடுக்கிறான். கேன்டீன் டோக்கனை வெளியே விற்கிறான் என்று சொல்கிறார்கள். நடக்கவே இல்லை என்று நாம் மறுத்தால் அது பொய். எங்கோ சில இடங்களில் நடக்கிறது. சங்கம் இதற்குக் குடை பிடிக்கக் கூடாது. ஒருவன் எடுக்கும் பொய் பில், உண்மையாக நோயில் கிடக்கும் அடுத்த தொழிலாளியின் மருந்தைப் பறிக்க நிர்வாகத்துக்குக் கிடைக்கும் சாக்கு.

ஆனால் அதற்குப் பரிகாரம் என்ன? குற்றம் செய்தவனை விசாரி. அவன் தரப்பைக் கேள். நிரூபணமானால் தண்டி. ஒருவன் டோக்கன் விற்றான் என்று ஆயிரம் பேர் சாப்பாட்டின் விலையை ஏற்றாதே. கம்பெனிப் பணத்தில் ஒரு அதிகாரி மோசடி செய்தால் எல்லா அதிகாரிகளின் காரையும் பிடுங்குகிறார்களா? தொழிலாளி என்றால் மட்டும் ஊருக்கெல்லாம் தண்டனையா?

இன்னொன்று. கணக்கைத் திற என்று முதலாளியைக் கேட்கும் சங்கம், தன் சந்தாக் கணக்கை வருஷம் தவறாமல் உறுப்பினர் முன் படிக்க வேண்டும். கேன்டீன் கமிட்டியில் நம் பிரதிநிதி உட்கார்ந்தால், அரிசி என்ன விலை, எண்ணெய் என்ன விலை என்று ஷிப்டு வாசலில் எழுதிப்போட வேண்டும். நாம் திறந்து காட்டினால்தான் அவர்களைத் திறக்கச் சொல்ல நமக்கு யோக்கியதை உண்டு.

ஒரே வேலைக்கு இரண்டு வரிசை

கடைசியாக, நமக்கு மிகவும் பக்கத்திலுள்ள பிரச்னை. 1956இல் நெய்வேலிக் கம்பெனி அமைந்தது. 1957இல் சுரங்கம் தோண்டத் தொடங்கினார்கள். நம்மைச் சுற்றியுள்ள கிராமங்கள் அதற்கு நிலம் கொடுத்தன. பொதுத்துறை என்பதால் குடியிருப்பும் ஆஸ்பத்திரியும் பள்ளிக்கூடமும் எழுந்தன. அது நாட்டின் பெருமை. நிரந்தரத் தொழிலாளிகள் சங்கம் கட்டிக் காத்த பெருமை. ஆனால் அதே வளாகத்தில் ஒப்பந்தத் தொழிலாளி என்று இரண்டாவது வரிசை ஒன்று உண்டாயிற்று. நிரந்தரமாக்கு, சம வேலைக்குச் சம கூலி கொடு என்று 2012இல் அவர்கள் ஒரு மாதத்துக்கும் மேலாக வேலைநிறுத்தம் செய்தார்கள்.

அவர்கள் கேட்டது புதிய கோரிக்கை அல்ல. ஒப்பந்தத் தொழிலாளர் சட்டம் 1970இல் வந்தது. அதன்கீழ் 1971இல் போட்ட மத்திய விதிகள், நிரந்தரத் தொழிலாளி செய்யும் அதே வேலையையோ அது போன்ற வேலையையோ காண்டிராக்டரின் ஆள் செய்தால், கூலியும் லீவும் வேலை நிலைமையும் ஒன்றாகவே இருக்க வேண்டும் என்று எழுதி வைத்தன. காகிதத்தில் ஏறியது களத்தில் இறங்குவதற்குத்தான் இத்தனை வருஷப் போராட்டம். இந்த இரண்டு வரிசை நெய்வேலியோடு நிற்கவில்லை. சர்க்கரை ஆலையிலும், ரசாயன ஆலையிலும், சர்க்கார் ஆஸ்பத்திரியிலும்கூட அதே கதைதான்.

நிரந்தரத் தொழிலாளித் தோழர்களை நான் கேட்கிறேன். ஒரே மெஷினில் இரண்டு பேர். ஒருவருக்குப் பாதுகாப்பு பூட்ஸ், இன்னொருவருக்கு ரப்பர் செருப்பு. தீபாவளிக்கு ஒருவர் வீட்டில் போனஸ், இன்னொருவர் வீட்டில் வெறும் ஸ்வீட் பெட்டி. "நம் பங்கு குறையாமல் இருந்தால் சரி" என்று நாம் இருந்துவிடலாமா? இருந்தால் என்ன ஆகும்? நீங்கள் ஓய்வு பெற்ற இடத்தில் நிரந்தர ஆள் வரமாட்டான், காண்டிராக்ட் ஆள்தான் வருவான். உங்கள் வரிசை ஆண்டுக்கு ஆண்டு குறையும். குறைந்த பிறகு உங்கள் உரிமைக்காகக் கேட்டில் நிற்க யார் இருப்பார்கள்? அந்த இரண்டாவது வரிசையில் நிற்பவர்கள் யார்? நேற்று நம் பக்கத்து வயலில் நாற்று நட்ட குடும்பத்துப் பிள்ளைகள். ஆலைத் தொழிலாளியையும் விவசாயத் தொழிலாளியையும் ஒரே கூட்டத்தில் நாம் உட்கார வைத்திருப்பதற்குக் காரணம் இதுதான்.

செய்ய வேண்டிய காரியங்கள்

வெறும் பேச்சோடு கலைந்து போகக் கூடாது. போனஸ் காலத்துக்கு முன் செய்யக்கூடிய சில காரியங்களைச் சொல்கிறேன்.

முதலாவது, சட்டம் தரும் குறைந்தபட்சத்தை ஒவ்வொருவரும் தெரிந்துகொள்ளுங்கள். 20 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் இடத்தில், வருஷத்தில் 30 நாள் வேலை செய்தவருக்கு போனஸ் உண்டு. காண்டிராக்ட் ஆள் என்பதால் கிடையாது என்று யாராவது சொன்னால் அது பொய். 2015 திருத்தத்தில் மாதம் 21,000 ரூபாய் வரை வாங்குகிறவர்களுக்கு போனஸ் உரிமை என்று வைத்தார்கள். கணக்குப் போடும் தொகை 7,000 ரூபாய் அல்லது அந்த வேலைக்குரிய குறைந்தபட்சக் கூலி, எது அதிகமோ அது என்றும் அந்தத் திருத்தத்தில் வைத்தார்கள். உங்கள் குறைந்தபட்சக் கூலி 7,000க்கு மேல் இருந்தும், 7,000த்துக்கே கணக்குப் போட்டு வருஷத்துக்கு 7,000 ரூபாயைக் கையில் கொடுத்தால், மரக்கால் சிறுத்துவிட்டது என்று அர்த்தம். கணக்கு வருஷம் முடிந்து 8 மாதத்துக்குள் பணம் வந்தாக வேண்டும். மார்ச்சில் கணக்கு முடிக்கும் இடத்தில் நவம்பர் கடைசிக்குள் வர வேண்டும்.

இரண்டாவது, வாய்மொழிச் சலுகைகளை எழுத்தில் கொண்டுவாருங்கள். டீ, வேலை உடுப்பு, பண்டிகை முன்பணம், பஸ் வசதி எதுவானாலும் ஒப்பந்தப் பத்திரத்தில் ஏற வேண்டும். யாருக்கு, எவ்வளவு, எந்தத் தேதியில் என்று மூன்றும் இருக்க வேண்டும். எழுதாதது இருக்கும், எழுதாததால் ஒரு நாள் போகும்.

மூன்றாவது, கோரிக்கைப் பட்டியலில் ஒப்பந்தத் தொழிலாளியின் கோரிக்கையைக் கடைசி வரியில் வைக்காதீர்கள். முதல் வரியில் வையுங்கள். 100 தொழிலாளர் உள்ள இடத்தில் கேன்டீன் வேண்டும், அந்த எண்ணிக்கையில் ஒப்பந்தத் தொழிலாளியும் சேர்த்தி என்று புதிய சட்டமே சொல்கிறது. அவர்களைச் சேர்த்து எண்ணினால்தான் நமக்கும் சோறு!

நான்காவது, கணக்கைக் கேளுங்கள். சட்டம் ஜன்னலைச் சாத்தினாலும் கதவைத் தட்ட யாரும் தடை போடவில்லை. முதலாளி சம்மதித்தால் கணக்கைக் காட்டலாம் என்றுதானே இருக்கிறது? அந்தச் சம்மதத்தை எழுத்தில் கேளுங்கள். மறுத்தால் மறுப்பையும் எழுத்தில் வாங்குங்கள். எங்கள்மேல் நம்பிக்கை இல்லையே என்று அடுத்த முறை அவர்கள் சொல்லும்போது அந்தக் காகிதத்தைக் காட்டலாம்.

விவசாயத் தொழிலாளத் தோழர்களுக்கு ஒரு வார்த்தை. சிறு நிலத்தில் வேலை செய்யும் உங்களுக்கு போனஸ் சட்டம் எட்டாது. ஆனால் சர்க்கார் அறிவிக்கும் குறைந்தபட்சக் கூலி உங்களுக்கும் உண்டு. அது எவ்வளவு என்று கேட்டுத் தெரிந்து, ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே கூலி என்ற சட்டத்தையும் சேர்த்துப் பேசுங்கள். ஆலைச் சங்கம் அதற்கு உங்கள் பக்கம் வந்து நிற்க வேண்டும்.

முதலாளிமாருக்கும் நாம் பகையாகச் சொல்லவில்லை, தெளிவாகச் சொல்கிறோம். நம்பிக்கை வேண்டுமா? மரக்காலை நடுவில் வையுங்கள். இருவரும் பார்த்து அளப்போம். எங்களுக்குச் சேர வேண்டியதைச் சலுகை என்று சொல்லித் தராதீர்கள், கூலி என்று சொல்லித் தாருங்கள். அப்போது நாங்கள் நன்றி சொல்லமாட்டோம். வேலையை ஒழுங்காகச் செய்வோம். ஆலை ஓடுவதற்கு அதுதான் தேவை.

சங்கத்தில் சேராத தோழர்கள் இன்றைக்கே சேருங்கள்.